சாலையில் ஐந்தாம் கட்டளை

1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள். திருவருகைக் காலத்தின் முதல் வாரம். புனித சவேரியார் திருநாள். அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் 22 வயதுப் பொறியாளர் தம் கணினியில் சில எழுத்துகளைத் தட்டி, வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவரின் கைப்பேசிக்கு அனுப்பி வைத்தார். உலகில் அனுப்பப்பட்ட முதல் குறுஞ்செய்தி அதுவே. அதில் அடங்கியிருந்தது கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்து. பெற்றவரால் மறுமொழி எழுத இயலவில்லை. அக்காலக் கைப்பேசியில் எழுத்துகளைத் தட்டி அனுப்பும் வசதி இல்லை.

இம்மானுவேலின் வருகையை வாழ்த்திப் பிறந்த இக்கருவி, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சாலைகளில் உயிர் பறிக்கும் பொருளாக மாறியது எங்ஙனம்? அதைத் தடுக்க மனிதச் சமுதாயம் எவ்வாறு சட்டம் இயற்றிற்று? யார் முதலில் விழித்துக் கொண்டார்கள்? யார் காலம் தாழ்த்தினார்கள்? இவ்வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில் தொடங்குகிறது. ஆயினும் சட்டம், மனச்சான்று, பொது நன்மை ஆகியவற்றைப் பற்றி நாம் மறைக்கல்வியில் கற்றவற்றை உரசிப் பார்க்க இது நல்லதொரு கல் என்பதால், சற்று விரிவாகவே காண்போம்.

சிற்றூர் காட்டிய வழி

ஒகாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டி, புரூக்லின் என்னும் சிறு நகரம் இருக்கிறது. நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்லின் அன்று. ஏறத்தாழ 11,000 பேர் மட்டுமே வாழும் ஊர். 1966-ஆம் ஆண்டிலேயே வாகனத்தில் செல்வோர் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்று அவ்வூர் சட்டம் செய்தது. அந்நாட்டில் அத்தகைய முதற் சட்டம் அதுவே. அதே ஊர்தான் 1999-இல், கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வாகனம் ஓட்டலாகாது என்றும் முதன்முதலாக விதித்தது. பேரவைகளும் பெருநகரங்களும் இதைப் பற்றி எண்ணியும் பாராத நேரத்தில், ஒரு சிற்றூரின் மன்றம் தன் தெருக்களில் நடப்பதைக் கண்ணால் கண்டு தீர்மானம் எடுத்தது.

அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹில்டவுன் என்னும் ஊரில் ஒரு துயரம் நிகழ்ந்தது. கைப்பேசியில் எண்களை அழுத்திக்கொண்டே வந்த ஓட்டுநர் ஒருவர் ‘நில்’ என்ற பலகையைக் காணாது கடந்து மற்றொரு வண்டியின் மீது மோதினார். அவ்வண்டியில் தாயுடன் வந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தை இறந்தது. சட்டத்தின்படி ஓட்டுநர்மீது சுமத்த முடிந்ததோ சில்லறைச் சாலைக் குற்றங்களும் அவற்றுக்குரிய சிறு அபராதமுமே. கைப்பேசியை அழுத்தியது அன்று அம்மாநிலத்தில் குற்றமே அன்று. குழந்தையை இழந்த தாய் ஊர் ஊராகச் சென்று, சட்டம் வேண்டும் என்று வேண்டினார்.

ஹில்டவுனும் புரூக்லினைப் போலவே ஊர்ச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் சாலை விதிகளை வகுப்பது மாநிலத்தின் உரிமை, ஊர் மன்றத்தின் உரிமை அன்று என்று கூறி 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. உயிர்ச்சேதம் ஊருக்கு, அதிகாரமோ தலைநகருக்கு.

அதே 2000-இல் நியூயார்க்கின் சஃபோக் மாவட்டம் கைப்பேசிக்குத் தடை விதித்தது. மாவட்ட அளவில் அதுவே முதலாவது. மறு ஆண்டு, 2001-இல், நியூயார்க் மாநிலம் முழுவதும் அத்தடை வந்தது. ஓர் ஊர், பின்பு ஒரு மாவட்டம், அதன் பின்பு ஒரு மாநிலம் என்று இச்சட்டம் கீழிருந்து மேலே ஏறியதை நாம் கவனிக்க வேண்டும்.

1931-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் கற்பித்த கொள்கை ஒன்று இங்கு நம் நினைவுக்கு வருகிறது. சிறு சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. சிறு சமூகத்தால் இயலாதபோது துணைநிற்பதே பெரிய அமைப்பின் கடமை என்பது அதன் சாரம். ஹில்டவுனில் இக்கொள்கையின் முற்பகுதி மறுக்கப்பட்டது. பிற்பகுதியும் நெடுங்காலம் நிறைவேறவில்லை. பென்சில்வேனியாவில் ஓட்டுநர் குறுஞ்செய்தி எழுதுவதற்குத் தடை 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கைப்பேசியைக் கையில் பிடிப்பதற்கே தடை விதிக்கும் சட்டம் 2024 ஜூனில் கையொப்பமாகி, 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2010-இல், கவனம் சிதறிய ஓட்டுநர் ஒருவரால் தம் மகனை இழந்த மற்றொரு தாய் பதினான்கு ஆண்டுகள் பேரவையின் கதவைத் தட்டியதன் பயன் அது. ஹில்டவுன் ஊர் மன்றம் எண்ணியதை மாநிலம் எண்ணுவதற்குக் கால் நூற்றாண்டு சென்றது. நேர்மையற்ற நடுவரிடம் விடாது முறையிட்ட கைம்பெண்ணை லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த உவமையை மன்றாட்டைப் பற்றியதாக மட்டுமே நாம் விளக்கி வருகிறோம். நீதி கேட்டு நடையாய் நடக்கும் தாய்மாரைப் பற்றியதும் ஆகும் அது.

எழுத்து வடிவில் வந்த ஆபத்து

தொடக்கச் சட்டங்கள் பேச்சைப் பற்றியவை. ஆனால் 2000-க்குப் பின் மக்கள் பேசுவதைக் குறைத்து எழுதத் தொடங்கினார்கள். பேசுபவனுக்குச் செவியும் கருத்தும் மட்டுமே வேறிடம் போகின்றன. எழுதுபவனுக்கோ கண்ணும் போய்விடுகிறது, கையும் போய்விடுகிறது. 2009-இல் வெர்ஜீனியா தொழில்நுட்பக் கல்விக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம் சரக்குந்து ஓட்டுநர்களின் பயணங்களைப் படம் பிடித்து ஆராய்ந்தது. குறுஞ்செய்தியில் ஈடுபட்ட ஓட்டுநரின் கண்கள் ஆறு வினாடிகளில் 4.6 வினாடிகள் சாலையை விட்டு விலகியிருந்தன. மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 4.6 வினாடிகளுக்குள் வண்டி நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நம் ஆலயத்தின் தலைவாயிலிலிருந்து கொடிமரத்தையும் தாண்டித் தெருமுனை வரை, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு அது ஒப்பாகும். சரக்குந்து ஓட்டுநர் விபத்தையோ விபத்தை நெருங்கிய நிலையையோ சந்திக்கும் வாய்ப்பு 23 மடங்கு கூடியதாகவும் அவ்வாய்வு கண்டது.

வாகனம் ஓட்டுகையில் குறுஞ்செய்தி எழுதுவதை அம்நாட்டில் முதன்முதலாகத் தடுத்த மாநிலம் வாஷிங்டன். 2007 மே மாதத்தில் ஆளுநர் கிறிஸ்டீன் கிரெகுவார் கையொப்பமிட்டார். 2008 ஜனவரி முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் வேறொரு குற்றத்துக்காக வண்டியை நிறுத்தினால் மட்டுமே இக்குற்றத்துக்கும் தண்டம் விதிக்கலாம் என்ற தயக்கம் அதில் இருந்தது. 2010-இல்தான் அத்தயக்கம் நீங்கியது.

அதே 2007 ஜூன் மாதத்தில், குடியேற்றத்தாரின் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை, கர்தினால் ரெனாத்தோ மார்த்தினோவின் தலைமையில், சாலை மேய்ப்புப்பணி பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகள் இடம்பெற்றன. முதற் கட்டளை, கொலை செய்யாதே என்பது. செய்தித்தாள்கள் அதைச் சிரிப்புக்குரிய செய்தியாகவே வெளியிட்டன. நம்முள்ளும் பலர் புன்னகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

யூட்டா இளைஞரும் ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களும்

2006 செப்டம்பர் 22 அன்று காலை. யூட்டா மாநிலத்தின் லோகன் நகரை நோக்கி 19 வயது இளைஞர் ஒருவர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். அவரது வண்டி நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வந்த காரை உரசியது. நிலைகுலைந்த கார் சுழன்று வேறொரு வண்டியின் முன் போய் விழ, அதில் இருந்த இரு அறிவியலாளர்கள் அங்கேயே மாண்டனர். தாம் கைப்பேசியைப் பயன்படுத்தவில்லை என்றே இளைஞர் முதலில் கூறினார். தொலைபேசி நிறுவனத்தின் பதிவேடுகள் வேறு கூறின. விபத்து நேர்ந்த நிமிடங்களில் செய்திகள் போய்வந்து கொண்டிருந்தன.

நெடுநாள் வழக்குக்குப் பின் 2009-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி விதித்த தண்டனை மூன்று கூறுகள் கொண்டது: 30 நாள் சிறை, பொதுச்சேவை, இவற்றுடன் விக்டர் ஹியூகோவின் ‘லே மிசெராப்ல’ நாவலைப் படிக்க வேண்டும் என்ற ஆணை. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் தமிழாக்கிய, 1950-இல் அதே பெயரில் திரைப்படமாகவும் வந்த கதைதான் அது. வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காவலர் இழுத்து வந்தபோது, அவை தாம் கொடுத்தவையே என்று கூறி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய ஆயரை நம் மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். மன்னிப்புப் பெற்றவன் தன் வாழ்நாள் முழுவதையும் பிறருக்குக் கொடுத்து அதை ஈடுசெய்கிறான் என்பதே அக்கதையின் ஓட்டம்.

அந்த இளைஞர் அதையே செய்தார். அதே ஆண்டில் அவர் மாநிலப் பேரவையின் முன் நின்று, தாம் செய்ததைத் தம் வாயால் எடுத்துரைத்தார். குறுஞ்செய்தித் தடைக்குத் தயங்கிய உறுப்பினர்களை அச்சாட்சியம் அசைத்தது. உயிரிழப்பு நேரிட்டால் பதினைந்து ஆண்டு வரை சிறை என்ற கடுஞ்சட்டம் நிறைவேறியது. தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் அவர் பள்ளிகள்தோறும் சென்று மாணவரிடம் பேசிவந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என்று மூன்றைக் கற்பிக்கிறோம். ஒரு நீதிமன்றத்தின் வழியாக இம்மூன்றும் ஒருவர் வாழ்வில் நடந்தேறியதை யூட்டாவில் காண்கிறோம். கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களுக்கு அதனால் அவர்கள் திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

டெக்சாசின் தாமதம்

ஊருக்கும் மாநிலத்துக்கும் இடையிலான இழுபறி மிகத் தெளிவாக வெளிப்பட்டது டெக்சாசில். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்டின், சான் அந்தோனியோ, எல் பாசோ முதலிய நகரங்கள் தத்தம் எல்லைக்குள் தடை விதித்தன. ஒரு நகரத்தில் குற்றமானது அடுத்த ஊரின் எல்லையில் குற்றமல்லாது போயிற்று. மாநிலம் முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டுமென்று பேரவையின் முன்னாள் தலைவர் டாம் கிராடிக் 2011-இல் மசோதா கொண்டுவந்தார். இரு அவைகளும் ஏற்றன. ஆனால் ஆளுநர் ரிக் பெர்ரி, வயது வந்தோரின் நடத்தையை அரசு அணுஅணுவாகக் கட்டுப்படுத்த முயல்வதாகக் கூறி, வீட்டோ அதிகாரத்தால் அதனை மறுத்துவிட்டார். 2013-இலும் 2015-இலும் மசோதா மேலவையைத் தாண்டவில்லை.

2017 மார்ச் 29 அன்று, நியூ பிரவுன்ஃபெல்ஸ் நகரின் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த முதியோர், தியானக் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு சிறு பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தனர். எதிர்த்திசையில் வந்த வண்டி கோட்டைத் தாண்டி மோதியதில் அவர்களுள் 13 பேர் இறந்தனர். மோதிய வண்டியின் 20 வயது ஓட்டுநர் போதைப்பொருள் உட்கொண்டிருந்தார். தாம் குறுஞ்செய்தி எழுதிக்கொண்டிருந்ததாகவும் அவர் அவ்விடத்தில் கூறியதைக் கேட்டவர் உண்டு. விபத்துக்குப் போதையே முதற்காரணம் என்பது அரசு விசாரணையின் முடிவு. எனினும் அந்நிகழ்ச்சி மக்களின் மனத்தை உலுக்கியது. அவ்வாண்டு ஜூனில் ஆளுநர் கிரெக் ஆபட் மாநிலத் தடைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். செப்டம்பர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. முதன்முறைக் குற்றத்துக்கு அபராதம் 25 முதல் 99 டாலர் வரை. கிராடிக் அம்மசோதாவை அவைக்குக் கொணர்ந்தது நான்காவது முறை.

ஆளுநர் பெர்ரியின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க முயலலாகாது என்று நம் புனித தோமா அக்குவினாசே கற்பிக்கிறார். நிறைவு அடையாத மக்கள் பலருக்கும் பொதுவாகவே சட்டம் இயற்றப்படுகிறது; ஆகையால் பெரும்பாலோர் விலக்கிக்கொள்ளக்கூடிய கொடிய தீமைகளையே அது தடுக்கும் என்பது அவர் கருத்து. ஆனால் உடனே அவர் சேர்ப்பது முக்கியமானது. பிறருக்குக் கேடு விளைவிப்பவற்றை, எவற்றைத் தடுக்காவிடில் சமுதாயமே நிலைக்காதோ அவற்றை, சட்டம் தடுத்தே ஆக வேண்டும். ஒருவன் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நாளெல்லாம் செய்தி எழுதினால் அது அவனுடைய காரியம். சாலையில் எழுதினால் அது எதிரே வரும் முதியோரின் காரியமும் ஆகிறது.

மனச்சான்றின் கணக்கு

குருமடத்தில் பழைய அறநெறி இறையியல் நூல்களைக் கற்ற நமக்கு, ‘தண்டனைச் சட்டம் மட்டுமே’ என்றொரு கோட்பாடு நினைவிருக்கும். சில சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுப்படுத்துவதில்லை. பிடிபட்டால் அபராதம் செலுத்தினால் போதும், பாவம் இல்லை என்று சில அறிஞர் வாதிட்டனர். சுங்கவரியும் சாலை விதிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை என்று பலரும் எண்ணினர். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கை விளக்கத்தின் 30-ஆம் எண்ணில், உடல்நலம் பேணும் விதிகளையும் வாகன ஓட்ட விதிகளையும் சிறிதென மதிப்போர், அந்த அசட்டையால் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்பதை உணர்வதில்லை என்று கடிந்துரைத்தது. சாலை விதி மனச்சான்றின் விதியே என்பது அன்றிலிருந்து நமக்கு ஐயமற்றது.

ஆனால் திருநூலுக்கு இது புதிதன்று. புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காதிருந்தால் அவர் குற்றவாளி என்கிறது விடுதலைப் பயண நூல் (21:28-29). எவரையும் கொல்ல எண்ணாதவனும் கொலைப்பழிக்கு உள்ளாகலாம் என்பதை அன்றைய உழவர் சமுதாயமே அறிந்திருந்தது. 1992-இல் கைப்பேசி எச்சரிக்கப்படாத மாடு. இன்று அப்படிச் சொல்வதற்கு யாருக்கும் இடமில்லை.

ஆயினும் சட்டம் தனித்து நின்று எவ்வளவு செய்யும்? 2010-இல் அமெரிக்கக் காப்பீட்டுத் துறை சார்ந்த நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிலையம், தடை விதித்த நான்கு மாநிலங்களை ஆராய்ந்தது. விபத்துக் கோரிக்கைகள் குறையவில்லை. சில இடங்களில் சிறிது கூடவும் செய்தன. காவலர் காணாதபடி ஓட்டுநர்கள் கைப்பேசியை இன்னும் தாழ்வாக, மடியருகே வைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம் என்று அந்நிலையம் கருதியது. 2022-இல் அந்நாட்டில் கவனச் சிதறலால் நேர்ந்த விபத்துகளில் இறந்தோர் 3,308 பேர். சட்டம் பாவத்தைச் சுட்டிக்காட்டும், ஆனால் அதுவே இதயத்தை மாற்றாது என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7-ஆம் அதிகாரத்தில் பவுலடியார் புலம்புவதற்கு, மடியில் மறைத்த கைப்பேசியைவிடச் சிறந்த விளக்கம் கிடைப்பதரிது.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் ஓட்டுவதைப் பற்றியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கைப்பேசி போன்ற கையடக்கத் தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துவதையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்தது. 2019 செப்டம்பர் முதல் நாளிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. முதற்குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் பலரை அடக்கம் செய்தவர்கள் நம்மைப் போன்ற பங்குப்பணியாளர்கள். அடக்கச் சடங்கில் இறைவனின் திருவுளம் என்று ஆறுதல் சொல்லி வந்தோம். சில வேளைகளில் அது திருவுளம் அன்று, ஒரு மனிதரின் அசட்டை என்பதை அறிந்தும் அவ்வாறு சொன்னோம்.

ஒன்றை இங்கு அறிக்கையிட வேண்டும். இத்தனை ஆண்டு ஒப்புரவுப் பணியில், வண்டி ஓட்டும்போது கைப்பேசி பார்த்தேன் என்று எவரும் அறிக்கையிட்டு நாம் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி உண்டதைச் சொல்வோர் உண்டு. இதைச் சொல்வோர் இல்லை. அவர்களைக் குறை கூறவும் நமக்கு உரிமை இல்லை. நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்த இரவுகளில், எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்க, ஓடும் இருசக்கர வண்டியிலேயே கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனவர்கள் நாம். திருத்தைலப் பேழை சட்டைப்பையில், கண் திரையில். சாகக் கிடப்பவருக்கு அருட்சாதனம் கொண்டு செல்லும் அவசரம் நமக்குச் சாக்காக இருந்தது. தெருவோரம் நடந்து வந்த எவரோ ஒருவருக்கு அச்சாக்கு எவ்வகையிலும் உதவியிருக்காது.

ஆகவே, ஒகாயோவின் சிற்றூர் செய்ததை நம் பங்குகள் செய்யலாம். சட்டம் மேலிருந்து வந்துவிட்டது. அதை ஏற்கும் உள்ளம் கீழிருந்துதான் வர வேண்டும். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் தயாரிக்கும் வகுப்புகளில் ஐந்தாம் கட்டளையைக் கற்பிக்கும்போது, கத்தியையும் நஞ்சையும் மட்டும் சொல்லாமல் கைப்பேசியையும் சொல்வோம். வாகனங்களை மந்திரிக்கக் கொண்டுவருவோரிடம், தீர்த்தம் தெளிப்பதற்கு முன் ஒரு வாக்குறுதி கேட்போம். பிள்ளை வண்டியில் செல்லும் நேரமென்று தெரிந்தால் பெற்றோர் அழைக்காதிருக்கட்டும். அழைத்தால் பிள்ளை எடுக்காதிருக்கட்டும். இரவில் நோயாளியின் வீட்டார் நம்மை அழைத்து, நாம் எடுக்கவில்லையெனில், சாமியார் வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள் கொள்ளட்டும். வழி தெரியாவிடில் வண்டியை ஓரமாய் நிறுத்தி, இறங்கி நின்று, நாமே திரும்ப அழைப்போம்.